பி.எட். சேரலாமா?

தங்கை பி.எட். சேரட்டுமா என்கிறாள். நான் படித்தபோது, முந்திரிக்கொட்டை உடைத்து அம்மா வாங்கிய தோடு அடகுக்குப் போனது; இன்னும் மீளவில்லை. 2015இல் ஓராண்டுப் படிப்பை ஈராண்டாக்கினார்கள். கட்டணம் மட்டுமா, இரண்டாண்டுக் கூலியும் போச்சு. தகுதித்தேர்வில் தேறியவருக்கு இன்னொரு போட்டித்தேர்வு என்றது 2018இன் அரசாணை 149.

நிரந்தரப் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய். 2022இல் அதே வேலைக்குத் தற்காலிகமாக ஆளெடுத்தபோது அரசு முதலில் அறிவித்தது 10,000. எடுப்பது பள்ளி மேலாண்மைக் குழு. அந்தக் குழு யார் கையில் இருக்கும் என்று மங்கலம்பேட்டைப் பக்கம் காலனிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தனியார் பள்ளியிலோ இடஒதுக்கீடே கிடையாது. நான் போன நேர்காணலில் பாடத்தைக் கேட்கவில்லை, தெருவைக் கேட்டார்கள்.

காலியிடங்களை 69 விழுக்காடு இடஒதுக்கீட்டோடு நிரந்தரமாக நிரப்பச் சொல்வோம், தோழர்களே. தங்கையைச் சேரச் சொல்லிவிட்டேன். இம்முறை அடகுக்கு என் வண்டி.