பத்து ஓநாய்களைக் கொல்வது யாருக்காக?

இணையத்தில் பல்லாயிரம் பேர் ஒரே களத்தில் கூடி, ஆளுக்கொரு வேடமேற்று ஆடும் விளையாட்டுகளுக்குள் புதிதாக நுழைபவருக்குக் கிடைக்கும் முதல் கட்டளை பெரும்பாலும் ஒரே மாதிரியானது. ஊர் எல்லையில் திரியும் பத்து ஓநாய்களைக் கொன்று தோலைக் கொண்டு வர வேண்டும். கொண்டு வந்தால் சில நாணயங்களும் கொஞ்சம் அனுபவப் புள்ளிகளும் கிடைக்கும். அடுத்த ஊரில் ஓநாய்க்குப் பதிலாகக் காட்டுப்பன்றி. அதற்கடுத்த ஊரில் கரடி. கொல்லப்பட்ட ஓநாய் சில நிமிடங்களில் அதே இடத்தில் மீண்டும் எழுந்து நிற்கிறது. கதை ஓர் அங்குலமும் நகர்வதில்லை. ஆடுபவரின் திறமையும் வளர்வதில்லை. எண்கள் மட்டும் கூடுகின்றன. ஆட்டக்காரர்கள் இவற்றை ‘ஃபில்லர் குவெஸ்ட்’ என்கிறார்கள். தமிழில் சொன்னால், இட்டுநிரப்பும் பணிகள்.

இவற்றின் மீது ஆட்டக்காரர்கள் கொள்ளும் எரிச்சல் நியாயமானது. ஆனால், வடிவமைப்பாளர்களின் கற்பனை வறட்சியே இதற்குக் காரணம் என்ற வழக்கமான விளக்கம் பாதி உண்மை மட்டுமே. பொருளற்றதாகத் தோன்றும் இந்தப் பணிக்குத் திட்டவட்டமான ஒரு பொருள் உண்டு. அதை விளையாட்டின் கதைக்குள் தேடினால் கிடைக்காது. நிறுவனத்தின் வரவு செலவுக் கணக்கில் தேட வேண்டும்.

மாதச் சந்தாவும் நீளும் பாதையும்

இத்துறையின் போக்கைத் தீர்மானித்த விளையாட்டு, பிளிஸார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’. 2010இல் அதன் சந்தாதாரர்கள் சுமார் 1.2 கோடிப் பேர். அமெரிக்காவில் மாதச் சந்தா ஏறக்குறைய 15 டாலர். ஒரு நாவலை விற்கும் பதிப்பாளருக்கு, வாசகர் அதை இரண்டு நாளில் முடித்தாலும் இரண்டு மாதத்தில் முடித்தாலும் வருமானம் ஒன்றுதான். மாதச் சந்தா வாங்கும் நிறுவனத்தின் நிலை வேறு. ஆட்டக்காரர் உள்ளே இருக்கும் வரைதான் அவரிடமிருந்து வருமானம் வரும். அவர் ஆட்டத்தை முடித்துவிடுவதே நிறுவனத்துக்கு நேரும் பெரிய இழப்பு.

நல்ல கதை ஒன்றை உருவாக்க எழுத்தாளர்கள், ஓவியர்கள், நிரலாளர்கள், இசைக் கலைஞர்கள் எனப் பலர் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். ஆட்டக்காரர் அதைச் சில மணி நேரத்தில் கடந்துவிடுவார். இந்த இடைவெளியை மலிவாக நிரப்பியாக வேண்டும். ஏற்கெனவே வரைந்து வைத்த ஓநாயை எடுத்து, எண்ணிக்கையைப் பத்திலிருந்து இருபதாக மாற்றினால் செலவு ஏதுமில்லை. ஆட்டக்காரரின் நேரமோ இரட்டிப்பாகச் செலவாகும். 2007இல் இவ்விளையாட்டில் தினசரிப் பணிகள் அறிமுகமாயின. இன்று முடித்த அதே பணி நாளைக் காலையில் முடிக்கப்படாத பணியாக மீண்டும் காத்திருக்கும்.

வடிவமைப்பாளர்களுக்கும் இது தெரியாததல்ல. சிதறிக் கிடக்கும் ஒரு புத்தகத்தின் பக்கங்களைக் காடெல்லாம் அலைந்து, ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொல்லும் பணி ஒன்று இவ்விளையாட்டில் இருந்தது. அதை உருவாக்கிய ஜெஃப் காப்லான், 2009இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில், மோசமான பணிக்கு உதாரணமாகத் தாம் உருவாக்கிய அந்தப் பணியையே எடுத்துக்காட்டி விமர்சித்தார். தனிமனிதரின் தேர்ச்சியோ நேர்மையோ இங்கு பிரச்சினையல்ல என்பதற்கு இது போதும்.

சலிப்பும் விற்பனைக்கு, விடுதலையும் விற்பனைக்கு

சலிப்பை உற்பத்தி செய்த பிறகு, அதிலிருந்து தப்பிக்கும் வழியையும் விற்கலாம் என்பது அடுத்த கட்டம். 2014இல் பிளிஸார்ட், ஒரு கதாபாத்திரத்தை நேரடியாக 90ஆம் நிலைக்கு உயர்த்தும் வசதியை 60 டாலருக்கு விற்கத் தொடங்கியது. நூற்றுக்கணக்கான பணிகளைத் தாண்டிச் செல்ல ஒரு கட்டணம். 2015 ஏப்ரலில் ‘டோக்கன்’ வந்தது. பணமுள்ளவர் 20 டாலர் கொடுத்து டோக்கனை வாங்கி, விளையாட்டுக்குள் தங்கத்துக்கு விற்கலாம். நேரமுள்ளவர் பணிகளைச் செய்து சேர்த்த தங்கத்தால் அதை வாங்கி, 30 நாள் சந்தாவாக மாற்றிக்கொள்ளலாம். ஒருவரின் நேரமும் மற்றொருவரின் பணமும் கைமாறுகின்றன. நடுவில் நிற்கும் நிறுவனத்துக்கு 15 டாலர் சந்தா 20 டாலராகக் கிடைக்கிறது. இங்கு யார் யாருக்காக உழைக்கிறார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கைபேசிகளின் காலத்தில் வந்த ‘இலவச’ விளையாட்டுகள் இதை மேலும் செப்பனிட்டன. 2020இல் வெளியான ‘கென்ஷின் இம்பாக்ட்’ நாளொன்றுக்கு நான்கு பணிகளை வழங்குகிறது. அன்று செய்யாவிட்டால் அன்றைய வெகுமதி போயிற்று. பரிசுகளைப் பெறுவதற்குத் தேவையான சக்தி, கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஊறும். காத்திருக்க மனமில்லாதவர் காசு கொடுக்கலாம். இந்தியாவில் பரவலாக ஆடப்படும் பி.ஜி.எம்.ஐ. வேடமேற்பு விளையாட்டல்ல; சுட்டு வீழ்த்தும் விளையாட்டு. அதிலும் ‘ராயல் பாஸ்’ என்ற பெயரில் அன்றாடப் பணிகளும் வாராந்தரப் பணிகளும் வந்துவிட்டன.

யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே என்று நிறுவனங்கள் கேட்கும். வேலை முடித்துக் களைத்து வந்த ஒருவர், மூளைக்கு வேலை தராத எளிய செயலைத் திரும்பத் திரும்பச் செய்து இளைப்பாறுவதில் தவறே இல்லை. பூத்தொடுப்பதும் பின்னல் பின்னுவதும் அப்படிப்பட்டவைதான். ஆனால், பின்னல் ஊசியை ஒரு வாரம் தொடாமல் இருந்தால் ஏற்கெனவே பின்னிய துணியின் மதிப்பு குறைந்துவிடாது. ஒரு நாள் வராதவரைப் பின்தங்கியவராக்கும் ஏற்பாட்டுக்கு இளைப்பாறல் என்று பெயரில்லை. அது வருகைப் பதிவேடு.

ஒருவரின் சலிப்பு, மற்றொருவரின் வயிற்றுப்பாடு

இந்தச் சலிப்பு ஓர் உலகளாவிய கூலிச் சந்தையையே உருவாக்கியது. 2007இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் வார இதழ், சீனாவின் நாஞ்சிங் நகரில் இயங்கிய ஒரு கூடத்தைப் பற்றி விரிவாக எழுதியது. அங்கு இளம் தொழிலாளர்கள் இரவில் 12 மணி நேரம், வாரத்தின் ஏழு நாளும் அமர்ந்து ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ அரக்கர்களைக் கொன்று தங்க நாணயங்களைச் சேர்த்தார்கள். 100 நாணயங்களுக்குத் தொழிலாளிக்குக் கிடைத்தது 10 யுவான், அதாவது சுமார் 1.25 டாலர். முதலாளி அதை இணைய வணிகரிடம் 3 டாலருக்கோ அதற்கு மேலோ விற்றார். அமெரிக்க, ஐரோப்பிய ஆட்டக்காரரின் கைக்குச் சேரும்போது விலை 20 டாலர் வரை ஏறியிருந்தது. தொழிலாளியின் மணிக்கூலி ஏறத்தாழ 30 சென்ட். உபரி மதிப்புக்கு இதைவிடத் தெளிவான கணக்குப் பாடம் கிடைப்பது அரிது.

பத்தாண்டு கழித்து, நெருக்கடியில் சிக்கிய வெனிசுலாவில் நாணயத்தின் மதிப்பு கரைந்தபோது, ‘ரூன்ஸ்கேப்’ விளையாட்டில் பச்சை டிராகன்களைக் கொன்று, கிடைத்த தங்கத்தை விற்றுப் பலர் உணவுக்கு வழி தேடினார்கள். ஒரு நாட்டில் பொழுதுபோக்கின் சலிப்பாக இருப்பது, இன்னொரு நாட்டில் பசிக்கு எதிரான கடைசிக் கூலிவேலையாகிறது. விளையாட்டின் விதி இருவருக்கும் ஒன்றே. விளையாட்டுக்கு வெளியே இருக்கும் உலகின் விதிதான் வேறு.

விளையாட்டிலிருந்து வேலைத்தளத்துக்கு

கதையின் மறுபாதி இன்னும் முக்கியமானது. வேலையைப் போல் ஆகிவிட்ட விளையாட்டிலிருந்து கற்ற பாடத்தைக் கொண்டு, மூலதனம் வேலையையே விளையாட்டாக வேடமிட்டு நிறுத்துகிறது. ஓட்டுநர்களுக்கான ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு ஊபர் நிறுவனம் வைத்த பெயரே ‘குவெஸ்ட்’. குறிப்பிட்ட நாட்களுக்குள் இத்தனை சவாரிகளை முடித்தால் இவ்வளவு கூடுதல் தொகை என்பது அதன் விதி. பத்து ஓநாய்களின் இடத்தில் சவாரிகள், மற்றபடி மாற்றமில்லை. அமேசான் கிடங்குகளில் பொருட்களை எடுத்து அடுக்கும் வேகத்தைத் திரையில் பந்தயக் கார்களாகவும் டிராகன்களாகவும் காட்டி, தொழிலாளர்களை ஒருவரோடொருவர் போட்டியிட வைத்த செய்தியை 2019இல் ‘வாஷிங்டன் போஸ்ட்’ வெளியிட்டது.

இந்தியாவில் செயலி வழித் தொழிலாளர்களின் எண்ணிக்கை 2020–21இல் 77 லட்சம் என்றும், 2029–30இல் 2.35 கோடியாக உயரும் என்றும் நிதி ஆயோக்கின் 2022ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. உணவும் மளிகையும் சுமந்து ஓடும் இளைஞரின் கைபேசித் திரையில் படிநிலைகள், நட்சத்திரங்கள், இன்றைய இலக்கு, மீதமுள்ள எண்ணிக்கை என எல்லாமே விளையாட்டுத் திரையின் சாயலில் இருக்கின்றன. இலக்கில் ஒன்று குறைந்தாலும் அந்தப் படிக்குரிய ஊக்கத்தொகை கைக்கு வராது. அதனால்தான் மழையிலும் இரவிலும் ‘இன்னும் ஒரே ஒரு ஆர்டர்’ என்று அவர் வண்டியைத் திருப்புகிறார். அடிப்படைக் கூலியாகத் தரவேண்டியதைப் பரிசு என்று பெயர் மாற்றித் தருவதே இந்த ஏற்பாட்டின் சாரம். விளையாட்டில் தோற்றவருக்கு ஒரு வெகுமதி போகும். இங்கே வீட்டு வாடகை போகும்.

‘மூலதனம்’ நூலின் முதல் தொகுதியில், வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில், இங்கிலாந்தின் ஆலை ஆய்வாளர்களின் அறிக்கைகளைக் கொண்டு மார்க்ஸ் ஓர் உண்மையை நிறுவினார். ஆலை முதலாளிகள் சாப்பாட்டு வேளையில் சில நிமிடம், காலையில் சில நிமிடம் எனத் தொழிலாளியின் நேரத்தைத் துளித்துளியாகத் திருடினார்கள். அன்று அந்தத் திருட்டு ஆலை வாசலோடு நின்றது. இன்று அது பேருந்துப் பயணத்துக்குள்ளும் படுக்கையறைக்குள்ளும் வந்துவிட்டது.

சட்டம் பார்க்கத் தவறும் பந்தயம்

2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் சூதாட்டங்களைத் தடை செய்தது. குடும்பங்களை அழித்த அந்தத் தொழிலுக்கு எதிரான நடவடிக்கை தேவையானதே. ஆனால், பணப் பந்தயம் இல்லாத விளையாட்டுகளை, சந்தா வசூலித்தாலும், ஊக்குவிக்கப்பட வேண்டியவையாகவே அச்சட்டம் பார்க்கிறது. பந்தயம் பணத்தில் வைக்கப்பட்டால்தான் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறது. நேரத்தில் வைக்கப்பட்டால் தெரிவதில்லை. நுகர்வோரை ஏமாற்றும் இணைய வடிவமைப்புகளுக்கு எதிராக 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள், போலி அவசரம், ஓயாத நச்சரிப்பு உள்ளிட்ட 13 உத்திகளைப் பட்டியலிடுகின்றன. தினசரிப் பணிகளையும் வருகைக்கான வெகுமதிகளையும் அந்த அளவுகோலால் அளந்து பார்க்க அரசுக்கு எந்தத் தடையும் இல்லை.

இதைத் தொடுவது எளிதல்ல என்பதையும் மறுக்க முடியாது. 2023 டிசம்பரில் சீன அரசின் ஒழுங்குமுறை அமைப்பு, அன்றாடம் உள்நுழைவதற்கு வெகுமதி தருவதைத் தடை செய்யும் வரைவு விதிகளை வெளியிட்டது. ஒரே நாளில் டென்சென்ட் பங்கு சுமார் 12 விழுக்காடும், நெட்ஈஸ் பங்கு சுமார் 25 விழுக்காடும் சரிந்தன. அடுத்த மாதமே அந்த வரைவு, அமைப்பின் இணையதளத்திலிருந்து நீக்கப்பட்டது. பொருளற்றவை என்று ஆட்டக்காரர்கள் ஒதுக்கும் சில்லறைப் பணிகளும் வெகுமதிகளும் எவ்வளவு பெரிய மூலதனத்தைத் தாங்கி நிற்கின்றன என்பதைப் பங்குச் சந்தையே அன்று அறிவித்தது.

ஆகவே, தீர்வு வடிவமைப்பாளரின் மேசையில் மட்டும் இல்லை. 2024 ஜூலையில் ‘வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டை உருவாக்கும் 500க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அமெரிக்கத் தகவல்தொடர்புத் தொழிலாளர் சங்கத்தின் கீழ் அணிதிரண்டார்கள். ஓநாய்களை உருவாக்குபவர்களும் கூலி உழைப்பாளர்களே என்பதை அது நினைவூட்டியது. இங்கும் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். செயலி வழித் தொழிலாளருக்கு ஊக்கத்தொகையைச் சாராத குறைந்தபட்சக் கூலி வேண்டும். இலக்கும் தொகையும் எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்பதை நிறுவனங்கள் தொழிற்சங்கங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு நாள் வராததற்குத் தண்டனை தரும் வடிவமைப்புகள், குறிப்பாகச் சிறுவர்கள் ஆடும் விளையாட்டுகளில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட வேண்டும்.

எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் தன் விருப்பம் என்று முழங்கிய தொழிலாளி வர்க்கம், அந்த மூன்றாவது எட்டு மணி நேரத்துக்காகவும் ரத்தம் சிந்தியிருக்கிறது. அந்த நேரத்தில் ஓநாய் வேட்டையாடுவதா, பாட்டுக் கேட்பதா, சும்மா இருப்பதா என்பதை உழைப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். நிறுவனத்தின் காலாண்டுக் கணக்கு தீர்மானிக்கக் கூடாது.