வழக்குக்கு முன்பே ஒரு வழக்கறிஞர்

கட்டண பாக்கி இருக்கிறது என்று மாற்றுச் சான்றிதழைத் தர மறுப்பது, பொதுத் தேர்வு நெருங்கும்போது ஹால் டிக்கெட்டை நிறுத்திவைப்பது, ஏழாம் வகுப்புப் பையனின் பெற்றோரை அழைத்து “நீங்களே வேறு பள்ளியில் சேர்த்துவிடுங்கள்” என்று நயமாகச் சொல்லி அனுப்புவது என்று தனியார் பள்ளிகளைப் பற்றிய புகார்கள் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் எழுகின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சட்டத்தில் விடை ஏற்கெனவே இருக்கிறது. ஆனாலும் பெற்றோர் தாளாளர் அறை வாசலில் காத்திருக்கிறார்கள், தெரிந்த கவுன்சிலரைப் பிடிக்கிறார்கள், ஒன்றும் நடக்காவிட்டால் வட்டிக்கு வாங்கிக் கட்டுகிறார்கள். வழக்கறிஞரிடம் போகலாம் என்ற எண்ணம் வருவதேயில்லை. வந்தாலும் எல்லாம் கைமீறிப் போன பிறகு, நீதிமன்றப் படியேறுவதற்காகத்தான் வருகிறது. இந்த வரிசையே தவறு. பள்ளியோடு ஏற்படும் தகராறில் வழக்கறிஞரால் ஆகக்கூடிய பெரிய நன்மை, வழக்கு போடுவதற்கு முன்னால்தான் கிடைக்கும். வழக்கில் கிடைக்கும் நீதி நல்லதாகவே இருக்கலாம், ஆனால் அது அந்தக் கல்வியாண்டுக்குள் வந்து சேருமா என்பது சந்தேகம்.

மாணவர் உரிமை பற்றிப் பேசும் எவரும் மேற்கோள் காட்டும் பிஜோ இம்மானுவேல் வழக்கையே எடுத்துக்கொள்வோம். கேரளத்தில் யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று உடன்பிறப்புகள், தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையோடு எழுந்து நின்றாலும் மத நம்பிக்கை காரணமாக வாய்விட்டுப் பாடவில்லை என்பதற்காக 1985 ஜூலையில் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியிடமும் அமர்விடமும் தோற்று, உச்ச நீதிமன்றத்தில் 1986 ஆகஸ்டில் வென்றார்கள். நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய அந்தத் தீர்ப்பு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். நாடு முழுவதற்கும் அது லாபம்தான். ஆனால் மூவரில் மூத்த பிள்ளை அப்போது பத்தாம் வகுப்பு. தீர்ப்பு வருவதற்குள் ஒரு கல்வியாண்டு முழுவதும் கழிந்து அடுத்ததும் தொடங்கிவிட்டது. உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஓராண்டில் முடிந்தது நம் நாட்டு அளவில் அபாரமான வேகம். பள்ளிப் பிள்ளையின் கணக்கில் அதுவே ஒரு வகுப்பு. நீதிமன்றம், பள்ளி ஆகிய இரண்டின் காலண்டர்களுக்கும் உள்ள இந்தப் பொருத்தமின்மையை மனதில் வைத்துக்கொண்டுதான் வழக்கறிஞரை எப்போது அமர்த்துவது என்று யோசிக்க வேண்டும்.

சட்டம் பெற்றோருக்கு எதிராக இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. அதன் 17-ஆவது பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 32-ஆவது பிரிவின்படி எழுத்துமூலம் புகார் தந்தால் உள்ளாட்சி அதிகார அமைப்பு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். கட்டணத்துக்கு 2009-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டமும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழுவும் இருக்கின்றன. மாற்றுச் சான்றிதழ் விஷயத்தில் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் ஒளிவுமறைவின்றிப் பேசியது: அந்தச் சான்றிதழ் கட்டணம் வசூலிக்கும் கருவி அல்ல, பாக்கியைக் காட்டிப் பிள்ளையை அவமானப்படுத்துவது 17-ஆவது பிரிவு சொல்லும் மனத் துன்புறுத்தலே. இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? இருந்தும் பள்ளி அலுவலக ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர் “பாக்கியைக் கட்டிவிட்டு டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறார், பெற்றோரும் தலையாட்டுகிறார்கள். சட்டம் எழுதப்பட்ட இடத்துக்கும் அந்த ஜன்னலுக்கும் நடுவில் ஆள் இல்லை.

வழக்கறிஞர் நிற்க வேண்டிய இடம் அதுதான். பள்ளித் தகராறுகளில் காகிதமே உருவாவதில்லை. பள்ளி போனில் பேசுகிறது, வாட்ஸ்ஆப் குழுவில் குரல் பதிவு அனுப்புகிறது; பெற்றோர் நேரில் போய்க் கெஞ்சுகிறார்கள் அல்லது கத்துகிறார்கள். மூன்று மாதம் கழித்து உயர் நீதிமன்றத்தில் நீதிப் பேராணை கேட்டு நின்றால், முதலில் எழும் கேள்வியே “உரிய அதிகாரியிடம் மனு கொடுத்தீர்களா? அவர் மறுத்தாரா?” என்பதுதான். கேட்டதற்கும் மறுத்ததற்கும் ஆதாரம் இல்லாமல் அந்த ஆணை எளிதில் கிடைக்காது. ‘மனுதாரரின் கோரிக்கை மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுங்கள்’ என்ற உத்தரவோடு முடித்துவைக்கப்படும் ரிட் மனுக்கள் நம் உயர் நீதிமன்றத்தில் ஏராளம். அதாவது முதல் வாரத்தில் ஒரு பக்கத்தில் எழுதியிருக்க வேண்டிய கடிதத்தை, ஆறாவது மாதத்தில் நீதிமன்றம் வழியாகச் சுற்றிவந்து எழுதுகிறோம். என்ன கேட்கிறோம், எந்த விதிப்படி கேட்கிறோம், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்ற மூன்றையும் தெளிவாகச் சொல்லி, ஒப்புகை பெற்று வைப்பது சட்டம் தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை.

எந்தக் கதவைத் தட்டுவது என்பது அதைவிடச் சிக்கலானது. மெட்ரிக், சி.பி.எஸ்.இ., அரசு உதவிபெறும் பள்ளி, சிறுபான்மை நிறுவனம் என்று ஒவ்வொன்றுக்கும் விதிப் புத்தகம் வேறு. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் பிரமதி வழக்கில் கூறிவிட்டது. அப்படிப்பட்ட பள்ளியின் மீது 17-ஆவது பிரிவைக் காட்டிப் புகார் எழுதினால் அதைத் தள்ளுபடி செய்யும் காரணத்தை நாமே எடுத்துக் கொடுத்ததாகிவிடும். அங்கே மாநில அரசின் விதிகளையும் குற்றவியல் சட்டத்தையும்தான் நாட வேண்டியிருக்கும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று பலரும் யோசனை சொல்கிறார்கள். கல்வி விற்பனைப் பண்டம் அல்ல, மாணவர் நுகர்வோர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010-லும் 2012-லும் சொன்னதை வைத்து அங்கே மனுக்கள் விழுந்திருக்கின்றன. பாலியல் குற்றம் என்றால் பாதையே வேறு. போக்சோ சட்டப்படி தகவல் தெரிந்த எவரும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும், மறைக்கும் நிறுவனத் தலைவர் தண்டனைக்குரியவர். ‘பள்ளிக்குள்ளேயே விசாரித்துக்கொள்கிறோம்’ என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. இத்தனையையும் ஒரு டெய்லரோ ஆட்டோ ஓட்டுநரோ தானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பள்ளி நிர்வாகம் அப்படிக் கண்டுபிடிப்பதில்லை. கேட்டுச் சொல்ல அதற்கு ஆள் இருக்கிறது.

வக்கீல் வைக்கப் பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். கட்டண பாக்கிக்காக மல்லுக்கட்டும் குடும்பத்திடம் வக்கீல் ஃபீஸ் பற்றிப் பேசுவது கேலி போலத் தோன்றும். ஆனால் 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 12-ஆவது பிரிவில் இலவச சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்களைப் பட்டியலிடும்போது பெண்களையும் குழந்தைகளையும் வருமான வரம்பு பார்க்காமல் சேர்த்திருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் அப்படியே. ஆக, பள்ளியில் உரிமை மறுக்கப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும், அப்பா தினக்கூலியானாலும் வங்கி மேலாளரானாலும், இலவசமாக வழக்கறிஞர் பெற உரிமை இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணையம் இருக்கிறது, தாலுகாக்களில் குழுக்கள் இருக்கின்றன, 15100 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களைச் சுவரில் எழுதிவைக்கும் நாம், வழக்கறிஞரைத் தரும் எண்ணை மட்டும் ஏன் பள்ளிப் பக்கமே கொண்டுவரவில்லை என்று தெரியவில்லை.

பணத்தைவிடக் கனமான அச்சம் ஒன்று உண்டு: “நோட்டீஸ் அனுப்பிவிட்டு மறுநாள் அதே வகுப்பில்தானே பிள்ளை உட்கார வேண்டும்?” இது வீண்பயம் அல்ல. மதிப்பெண்ணில் காட்டலாம், கடைசி பெஞ்சுக்குத் தள்ளலாம், பேசாமலே ஒதுக்கலாம். இவற்றில் பாதியை எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது. ஆனால் வழக்கறிஞரின் உதவி வழக்கறிஞரின் பெயரில்தான் வெளியே வர வேண்டும் என்று யார் சொன்னது? அவர் எழுதித் தரும் கடிதத்தில் அம்மா கையெழுத்துப் போட்டுத் தலைமை ஆசிரியரிடம் நேரில் கொடுக்கலாம். நான்கு வரியில், மரியாதையாக, சரியான விதியைச் சுட்டும் கடிதம். பத்து லட்சம் நஷ்டஈடு கேட்டு உறுமும் நோட்டீஸைவிட அது வேலை செய்ய வாய்ப்பு அதிகம். பள்ளியும் முகம் இழக்காமல் இறங்கிவர வழி கிடைக்கிறது. அதற்குப் பிறகும் பழிவாங்கல் தொடங்கினால், எந்தத் தேதிக்குப் பின் தொடங்கியது என்பதற்காவது சாட்சியம் இருக்கும். வாய்ப்பேச்சோடு நிற்கும் பெற்றோருக்கு அந்தப் பாதுகாப்புகூட இல்லை.

இன்னொரு பக்கமிருந்து ஆசிரியர்கள் கேட்பதும் நியாயமானது: எடுத்ததற்கெல்லாம் வக்கீல் வந்தால் கண்டிக்க முடியுமா, பாடம் நடத்த முடியுமா? சம்பளமே கட்டண வசூலை நம்பியிருக்கும் சிறு பள்ளிகள் என்ன செய்யும்? கட்டணம் பற்றிய பதில் அந்த 2024 தீர்ப்பிலேயே இருக்கிறது: பாக்கியைச் சட்டப்படி பெற்றோரிடம் வசூலிக்கப் பள்ளிக்குத் தடையில்லை, பிள்ளையைப் பணயமாக வைக்கத்தான் தடை. கண்டிப்பைப் பொறுத்தவரை, ஆரம்பத்திலேயே ஆலோசிக்கப்படும் வழக்கறிஞர் ஆசிரியர்களுக்கும் நன்மையே செய்வார் என்று நினைக்கிறேன். மதிப்பெண் குறைந்தது, ஆண்டு விழா நாடகத்தில் வேஷம் கிடைக்கவில்லை, வகுப்பில் பேசியதற்குத் திட்டினார்கள் என்று வரும் பெற்றோரிடம் “இது வழக்கு அல்ல, போய் ஆசிரியரிடம் பேசுங்கள்” என்று சொல்வதும் அவர் தொழில்தான். கோபம் ஆறுமாதம் ஊறிய பிறகு வரும் பெற்றோரிடம் அதைச் சொல்ல முடியாது. அப்போது அவர்களுக்கு வேண்டியது தீர்வு அல்ல, வெற்றி.

அந்த வெற்றியில்தான் பிள்ளை காணாமல் போகிறது. ரிட் மனுவில் மனுதாரராக வருவது மைனரான மாணவியின் பெயர், தந்தை அவளுடைய காப்பாளர் மட்டுமே. நடைமுறையில் கட்சிக்காரர் தந்தைதான். அவருக்குப் பட்ட அவமானத்துக்குப் பரிகாரம் தேடியே பல வழக்குகள் நீள்கின்றன. அந்தப் பள்ளியிலேயே தொடர வேண்டுமா, நல்லபடியாக டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போனால் போதுமா என்று பதினான்கு வயதுப் பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை. அவளுக்குத் தோழிகளை விட்டுப் போகத்தான் மனமில்லையோ, அல்லது அந்தக் கட்டடத்துக்குள் இன்னொரு நாள் போவதே முடியாததோ, இரண்டுக்கும் எழுத வேண்டிய மனு வேறு.

இலவச வழக்கறிஞர்களின் தரம் பற்றிக் கேள்வி எழும், எழ வேண்டும். சட்ட உதவிக் குழு வழக்கறிஞர்களின் நாள் பெரும்பாலும் ஜாமீனிலும் ஜீவனாம்சத்திலும் கழிகிறது. பள்ளிச் சட்டம் தனி உலகம். தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2018-இல் வந்தது, அதன் விதிகள் 2023-இல் வந்தன. இவற்றைப் புரட்டிப் பார்க்கச் சொல்ல யாராவது வேண்டும். ஒவ்வொரு மாவட்ட ஆணையமும் பள்ளி விவகாரங்களுக்கென்று இரண்டு வழக்கறிஞர்களைக் குறித்து, ஏப்ரல் முதல் ஜூன்வரை வாரத்தில் ஒரு நாள் மாவட்டக் கல்வி அலுவலகத்திலேயே உட்காரவைக்கலாம். புதிய சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். மாற்றுச் சான்றிதழ் கிடைக்காத பெற்றோர் எப்படியும் அந்த அலுவலகத்துக்குத்தான் மனுவோடு வருகிறார்கள். அந்த மனுவை எழுதித் தரும் மேசை அங்கேயே இருக்கட்டும்.