தொட்டிக்குப் போகும் முன் வயலில் வளரட்டும்

கேள்வி: கரூர் மாவட்டத்தில் எங்களுக்கு 60 சென்ட் நிலமும் ஒரு கிணறும் இருக்கின்றன. சோளம், கொள்ளு போட்டு வருகிறோம். போன மாதம் ஒரு நிறுவனத்தின் ஆள் வந்தார். போன்சாய் கன்று தொட்டியோடு ஒன்று 300 ரூபாய் என்று 500 கன்று தருவார்களாம். இரண்டு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்தால் ஒன்று 2,500 ரூபாய்க்குத் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். பத்திரத்தில் எழுதித் தருகிறோம் என்கிறார்கள். ஒன்றரை லட்சத்துக்கு மனைவியின் நகையை அடகு வைக்கலாம் என்று மகன் சொல்கிறான். இறங்கலாமா?

பதில்: நகை வீட்டிலேயே இருக்கட்டும். இந்த ஏற்பாட்டில் இறங்க வேண்டாம்.

காரணம் போன்சாய் மோசமான தொழில் என்பதல்ல. அந்த ஆள் சொன்ன கணக்கு மரத்தின் சுபாவத்துக்கே ஒத்துவராது. போன்சாய்க்கு விலை கிடைப்பது அடிமரத்தின் தடிமனுக்கும், மண்மேல் பரவித் தெரியும் வேருக்கும், முதிர்ந்த தோற்றத்துக்கும். அடிமரம் தடிப்பது இலையால். இலை நிறைய இருந்தால்தான் நிறையச் சத்து தயாராகி, தண்டில் வருடா வருடம் புதுக் கட்டை சேரும். அந்த இலைக் கூட்டத்தைத் தாங்க வேருக்கு இடம் வேண்டும். ஒரு சாண் தொட்டியில் வேருக்கும் இடமில்லை, இலைக்கும் வழியில்லை. ஆகவே விரல் தடிமன் கன்றைத் தொட்டியில் வைத்து இரண்டு வருடம் தண்ணீர் ஊற்றினால், இரண்டு வருடம் கழித்தும் அது விரல் தடிமன் கன்றாகவே இருக்கும். 300 ரூபாய்க் கன்றை 2,500 ரூபாய் கொடுத்து வாங்க யாருக்கும் காரணம் இருக்காது, விற்றவருக்கும் சேர்த்து.

வேலைக் கணக்கையும் பார்க்க வேண்டும். சிறு தொட்டியின் மண் கரூர் வெயிலுக்கு ஒரு பகலில் காய்ந்துவிடும். கோடையில் காலையும் மாலையும் தொட்டிக்கு அரை லிட்டர் என்றால் 500 தொட்டிக்கு ஒரு நாளைக்கு 500 லிட்டர், அதுவும் கையால் ஊற்ற வேண்டும். இரண்டு நாள் கல்யாணத்துக்கு வெளியூர் போனால் திரும்பி வரும்போது பாதி கருகியிருக்கும். அடகுக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றே வைத்தாலும் இரண்டு வருடத்தில் 36,000 ரூபாய் தனியாகப் போகும்.

'திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்ற சொல்லுக்குக் கொங்குப் பக்கத்தில் விளக்கம் தேவையில்லை. 2012-ல் ஈமு கோழி விஷயத்தில் பட்டது இன்னும் பலருக்கு ஆறவில்லை. 1990-களில் தேக்குத் திட்டங்களில் பணம் போட்டவர்களும் உண்டு. பொருள் மாறும், வரும் ஆள் மாறுவார், பத்திரத்தின் வாசகம் மட்டும் மாறுவதே இல்லை. வாங்கும் சந்தையைக் காட்டாமல் விற்கும் கன்றை மட்டும் காட்டுகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: போன வருடம் எந்த ஊரில், எந்த விவசாயியிடமிருந்து வாங்கினீர்கள்? அந்த விவசாயியை நேரில் பார்த்துப் பேசிய பிறகுதான் அடுத்த பேச்சு.

மகனின் ஆசையை இதோடு அணைத்துவிட வேண்டியதில்லை. போன்சாயை உண்மையாகவே வயல் பயிராக வைத்திருக்கும் ஊர்கள் இருக்கின்றன. ஜப்பானில் ககாவா மாநிலத்தின் தகமட்சு நகரையொட்டி கினாஷி, கொகுபுன்ஜி என்று இரண்டு பகுதிகள். ஏறத்தாழ 200 வருடங்களுக்கு முன்பு கடலோரத்தில் தானாக முளைத்த பைன் மரங்களைத் தோண்டித் தொட்டியில் வைக்கத் தொடங்கினார்கள். இன்று ஜப்பானின் பைன் போன்சாயில் பெரும்பகுதி இந்த வட்டாரத்திலிருந்து வருகிறது. மழை குறைவு, மண் நன்றாக நீர் வடியும் மணற்பாங்கு. அங்கே போனால் முதலில் கண்ணில் படுவது தொட்டியல்ல, வயல்தான். நம் ஊரில் கத்தரி நட்டதுபோல வரிசை வரிசையாகப் பைன். நாற்று பல வருடம் மண்ணிலேயே கிடந்து, அடி பருத்த பிறகுதான் தொட்டி பார்க்கும். தாத்தா நட்டதைப் பேரன் விற்பது அங்கே சாதாரணம்.

பொறுமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹிரோஷிமாவின் யமகி குடும்பத்து மரம் ஒன்று போதும். 1625 முதல் தொட்டியில் பழக்கிவந்த வெள்ளைப் பைன் அது. 1945-ல் அணுகுண்டு விழுந்த இடத்துக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டரில், தோட்டச் சுவரின் மறைவில் இருந்து தப்பியது. 1976-ல் அந்தக் குடும்பம் அதை அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. வாஷிங்டனில் இருக்கும் தேசிய மரத்தோட்டத்தில் இன்றும் நிற்கிறது. குண்டுக்குத் தப்பிய மரம் என்ற செய்தியே 2001-ல் பேரப்பிள்ளைகள் பார்க்க வந்தபோதுதான் அங்கிருந்தவர்களுக்குத் தெரிந்தது.

அவ்வளவு காலம் நமக்கு வேண்டியதில்லை. பைன் இழுக்கும் காலத்தில் பாதிகூட நம் ஊர் ஆல் இனத்துக்கு வேண்டாம். வெயிலும் தண்ணீரும் சேர்ந்தால் வயலில் நட்ட இச்சி நாலைந்து வருடத்தில் மணிக்கட்டுத் தடிமன் வந்துவிடும். ஆலுக்கும் அரசுக்கும் இலை பெரிது, சிறிய உருவத்தில் பொருந்துவது கடினம். இச்சியின் இலை சிறியது, அதுவே முதல் தேர்வு. அடுத்து புளி, கொடுக்காய்ப்புளி, விளா, காகிதப்பூ. புளி மெதுவாகத்தான் தடிக்கும், ஆனால் சின்ன இலையும் வெடித்த பட்டையும் இளவயதிலேயே கிழத் தோற்றம் தரும்.

கன்றுக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். கிணற்றுச் சுவரிலும், பழைய மோட்டார் அறையிலும், மதிலிலும் பறவை எச்சத்தால் முளைத்த ஆலும் இச்சியும் எல்லா ஊரிலும் இருக்கின்றன. கல்லிடுக்கில் பட்டினி கிடந்து, வேர் பின்னி, அடி உப்பி நிற்கும் அவற்றில் சில 10 வயதுக்கு மேற்பட்டவை. உரியவரைக் கேட்டால் எடுத்துப் போகச் சொல்வார், அவருடைய சுவர் தப்பிக்குமே! இலையை உருவிவிட்டு, கிடைத்த வேரோடு மணலில் வைத்து, நிழலில் ஈரம் காத்தால் பெரும்பாலும் பிழைக்கும். வேலியோரம் ஆடு கடித்துக் கடித்துக் குட்டையாகி, அடி மட்டும் பருத்து நிற்கும் கொடுக்காய்ப்புளியும் கிளுவையும் அப்படித்தான். ஆட்டைவிடக் கெட்டிக்காரக் கவாத்துக்காரர் இல்லை, சம்பளமும் கேட்காது. காப்புக்காட்டுக்குள் மட்டும் போகக் கூடாது. அங்கே ஒரு செடியைத் தோண்டினாலும் வனச் சட்டப்படி குற்றம்.

வயலில் வைக்கும் முறைக்கு வருவோம். கன்றின் ஆணிவேரை வெட்டிவிட்டு, பக்கவேர்களைச் சக்கர ஆரம்போலச் சுற்றிலும் பரப்பி, அடியில் ஒரு ஓடோ தட்டைக் கல்லோ வைத்து நட வேண்டும். வேர் கீழே இறங்க முடியாமல் பக்கவாட்டில் ஓடும், அடிமரம் விரியும். போன்சாயின் பாதி அழகு இந்த ஒரு ஓட்டால் வருவது. வரப்போரம் 3 அடிக்கு ஒன்று போதும். முதல் இரண்டு வருடம் கத்தரியைக் கையில் எடுக்கவே கூடாது. மேலே ஓடட்டும். குட்டையாக வேண்டுமே என்று நுனியைக் கிள்ளிக்கொண்டே இருப்பவர்களுக்குத்தான் அடி தடிக்காது.

தடிமன் வந்த பிறகு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டைச் சாய்வாக வெட்ட வேண்டும். பால் வடிவது நின்றதும் வெட்டுவாயில் போர்டோ பசை பூசலாம். வெட்டுக்குக் கீழே துளிர்க்கும் கிளைகளில் ஒன்றைத் தலையாக்கி, மறுபடி இரண்டு வருடம் ஓடவிட்டு, அதையும் கொஞ்சம் மேலே வெட்ட வேண்டும். இப்படி இரண்டு மூன்று வெட்டில் அடி பருத்து நுனி சிறுத்த உருவம் தானே வரும். அடியில் இன்னும் தடிமன் வேண்டுமென்றால் கீழ்ப்பக்கத்தில் ஒரு கிளையை மட்டும் தன் போக்கில் வளரவிட்டு, வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, மாசிக் கடைசியில் துளிர் விடும் முன், செடியைத் தோண்டி எடுத்து வேரைக் கத்தரித்து மறுபடி நடுவதும் கட்டாயம். விட்டால் ஆல் இனத்தின் வேர் கிணறு வரைக்கும் போய்விடும். சுவரிலிருந்து எடுத்த செடியே சுவரைப் பிளந்த கதையாகிவிடும்.

கிளைக்கு வளைவு கொடுக்க அலுமினியக் கம்பி சுற்றுவார்கள். கம்பியின் தடிமன் கிளையில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் சரி. வீட்டில் கிடக்கும் கட்டுக்கம்பியைச் சுற்ற வேண்டாம், துருப்பிடித்துப் பட்டைக்குள் இறங்கும். இச்சி மழைக்காலத்தில் வேகமாகத் தடிக்கும், பத்து நாளுக்கு ஒருமுறை பார்த்துத் தளர்த்தாவிட்டால் கம்பித் தழும்பு வருடக்கணக்கில் மாறாது. அந்தத் தொல்லையே வேண்டாமென்றால் தென்சீனாவின் லிங்னான் முறை இருக்கிறது. கம்பி இல்லாமல், வேண்டிய திசையில் இருக்கும் மொட்டுக்கு மேலே வெட்டி, வளரவிட்டு, மறுபடி வெட்டி, வெட்டாலேயே திருப்பம் கொடுப்பது. வெப்ப ஊர் மரங்களுக்கும் கவாத்து பழகிய விவசாயியின் கைக்கும் அதுதான் பொருத்தம்.

தொட்டிக்கு மாற்றும்போது வயல் மண்ணை அப்படியே போடக் கூடாது. நாலு முறை தண்ணீர் ஊற்றினால் செங்கல்லாக இறுகிவிடும். பயறு அளவுக்கு உடைத்துத் தூசி சலித்த செங்கல் இரண்டு பங்கு, கழுவிய மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு போதும். ஊற்றிய தண்ணீர் தேங்காமல் உடனே அடித்துளையில் வந்துவிட வேண்டும்.

எத்தனை வைப்பது? 500 அல்ல, 30. சோளமும் கொள்ளும் நடுவே இருக்க, வரப்போரம் இவை பாட்டுக்கு நிற்கட்டும். முழு உருவம் கொடுத்து அலங்காரத் தொட்டியில் வைத்து விற்பது நகரத்துக் கைகளுக்கு எளிது. கிராமத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு எளிது, அவர்களிடம் இல்லாத தடித்த அடிமரத்தை உண்டாக்குவது. மொட்டை மாடியில் பத்து வருடம் வளர்த்தாலும் வராத அடி வரப்பில் நாலு வருடத்தில் வரும். ஆகவே அடி பருத்து, வேர் பரவி, முதல் வெட்டு ஆறிய மரத்தை அப்படியே விற்கலாம். வளர்க்கும் முன்பே மகன் கோவை, சென்னை பக்கத்து நாற்றுப்பண்ணைகளையும் போன்சாய் வளர்ப்போரையும் நேரில் பார்த்து, எந்த மரம், எந்தத் தடிமன், என்ன விலை என்று கேட்டு வரட்டும். பேருந்துச் செலவோடு முடிகிற விசாரணை. விற்காமல் போனாலும் இழப்பு 30 குழி வெட்டிய கூலிதான்.

கேள்வி: போன்சாய் வீட்டில் இருந்தால் குடும்பம் வளராது என்று என் மாமியார் தொட்டியைத் தூக்கி வெளியே வைக்கச் சொல்கிறார். மரத்தைப் பட்டினி போட்டுக் குட்டையாக்குவது பாவம் என்றும் சொல்கிறார். உண்மையா? (தஞ்சாவூர் மாவட்ட வாசகி)

பதில்: பட்டினி போட்டால் போன்சாய் குட்டையாகாது, செத்துப்போகும். தரையில் நிற்கும் மரம் தன் வேரை அனுப்பித் தேடிக்கொள்ளும். தொட்டி மரத்துக்கு நாம்தான் ஊட்ட வேண்டும் என்பதால் அதற்குத் தண்ணீரும் உரமும் தவறாமல் போகிறது. குட்டையாக இருப்பதற்குக் காரணம் வேரையும் கிளையையும் வெட்டிக்கொண்டே இருப்பது. மல்லிகைக்குச் செய்யும் கவாத்து பாவமில்லை என்றால் இதுவும் இல்லை.

குடும்ப வளர்ச்சிக்கும் தொட்டிக்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் அத்தை சொன்னபடி வெளியே வைத்துவிடுங்கள். ஆல், புளி எல்லாம் நேர் வெயிலில் வளரும் மரங்கள்; கூடத்தில் வைத்தால் இலை உதிர்ந்து இளைக்கும். விருந்தாளி வரும்போது ஒரு நாள் உள்ளே கொண்டுவந்து காட்டலாம்.

கேள்வி: மூன்று வயதுப் புளி போன்சாய் திடீரென்று இலை முழுவதையும் கொட்டிவிட்டது. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். தண்ணீர் ஒருநாள் தவறினாலும், இடம் மாறினாலும் புளி இலையைக் கொட்டும். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்க வேண்டும். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. இலை இல்லாத மரம் குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும். பயந்துபோய் நிறைய ஊற்றினால் அதுவே வேரை அழுகவைக்கும். மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர், காலை வெயில் படும் இடம், துளிர் வரும் வரை உரம் கிடையாது. பழுப்பாக இருந்தால் இன்னும் கீழே, மண்ணையொட்டிச் சுரண்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.