டீச்சர், இங்க பாருங்க

காலை பத்தரை மணி. பாயில் உட்கார்ந்திருக்கும் நாலு வயதுப் பிள்ளை புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிவிட்டு, "டீச்சர், இங்க பாருங்க" என்கிறது. டீச்சரின் கண் போனில் இருக்கிறது. 'போஷன் டிராக்கர்' செயலி சுற்றிக்கொண்டே இருக்கிறது. பதிவு ஏறினால்தான் அன்றைய கணக்கு முடியும். பிள்ளை இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடுக்கியதைத் தானே கலைத்துவிடுகிறது.

தமிழ்நாட்டின் பல பால்வாடிகளில் காணக்கூடிய காட்சிதான் இது. இதில் டீச்சர் மேல் பழி போட ஒன்றுமில்லை.

1975 அக்டோபர் 2-ல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோதே, அதன் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. சோறு விஷயத்தில் தமிழ்நாடு பெயர் வாங்கிவிட்டது: கலவை சாதம், வாரம் 3 முட்டை, சத்துமாவு. எடையும் உயரமும் தவறாமல் பதிவாகின்றன. பிள்ளையோடு டீச்சர் எவ்வளவு நேரம் பேசினார் என்று கேட்கத்தான் ஆளில்லை. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் பாட்டும் கதையுமாக நன்றாகவே இருக்கிறது. அதை நடத்த வேண்டியவரோ கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் போகிறார், தடுப்பூசி நாளில் தாய்மார்களைத் திரட்டுகிறார். 2025-ல் வாக்காளர் பட்டியல் திருத்தப் படிவங்களைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தவர்களிலும் இவர்கள் இருந்தார்கள். அந்த நேரங்களில் பிள்ளைகளுக்குத் துணை ஆயாம்மாதான். அடுப்பையும் அவரேதான் பார்க்க வேண்டும்.

பெற்றோர் என்ன செய்வார்கள்? கடன் வாங்கியாவது வேன் வரும் நர்சரிக்கு அனுப்புகிறார்கள். அங்கே மூன்று வயதுப் பிள்ளை பென்சில் பிடித்து ஏபிசிடி எழுதினால் வீட்டில் பூரிப்பு. (விரல் வலி பிள்ளைக்குத்தான் தெரியும்.) 2019-ல் அரசே 2,381 பால்வாடி மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. 2022-ல் நிறுத்துவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் முடிவை மாற்றிக்கொண்டு, மாதம் 5,000 ரூபாய்க்கு ஆசிரியர்களைத் தேடியது. அடித்தளம் போடுகிறவருக்கு அரசு வைத்த மதிப்பு அவ்வளவு.

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் அம்மாவுக்கு வேறொரு சிக்கல். அவர் வீடு திரும்ப இரவு எட்டு மணி தாண்டிவிடும். பால்வாடியோ மாலையிலேயே பூட்டிவிடும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளில் நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு உதவிச் சட்டம் சொன்னது. சின்ன யூனிட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு அது எட்டாத சலுகை.

எனவே அரசு முதலில் செய்ய வேண்டியது புதுக் கட்டடம் திறப்பதோ சுவரில் யானை வரைவதோ அல்ல. காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பால்வாடி டீச்சரை வேறு எந்த வேலைக்கும் கூப்பிடக் கூடாது என்று ஓர் ஆணை போடட்டும். செயலிப் பதிவெல்லாம் மதியம் பிள்ளைகள் தூங்கும்போது நடக்கட்டும். ஒவ்வொரு மையத்துக்கும் முறையான சம்பளத்தில் இரண்டாவது ஆசிரியர் வரட்டும். தொழில் நகரங்களில் அவரை வைத்தே மாலை நேரத்தையும் நீட்டலாம். தேர்தல் வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் மாவட்ட நிர்வாகம் வேறு துறையில் தேடிக்கொள்ளட்டும்.