தானியத் தட்டு போதாது, கொறங்காடும் குளமும் வேண்டும்

குளிர்காலம் வந்தால் மொட்டை மாடியில் பறவைகளுக்குத் தானியமும் தண்ணீரும் வைக்கிற பழக்கம் திருப்பூரில் பெருகிவருகிறது. நல்ல மனசு உள்ளவர்கள் செய்கிற காரியம் அது. ஆனால் தட்டு வைத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டால், தொலைதூரத்திலிருந்து வருகிற விருந்தாளிகளுக்கு நாம் கெடுதல்தான் செய்கிறோம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் சின்னதாகக் காஜா-பட்டன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். கீழே மெஷின், மேலே வீடு. பக்கத்து வீட்டுப் பெரியம்மா தினமும் விடிந்ததும் எவர்சில்வர் தாம்பாளத்தில் கம்பும் தினையும் பரப்பி மாடியில் வைப்பார். மைனா, புறா, தவிட்டுக்குருவி, சில்லை என்று வழக்கமான கூட்டம் வந்துபோகும். போன கார்த்திகையில் மழை விட்ட கையோடு சூறைக்குருவிகள் இறங்கின. காங்கேயம் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் அதைச் சோளக்குருவி என்போம். சோளக்காட்டில் பார்த்துப் பழகிய பறவை வீட்டு மாடியில் இத்தனை கூட்டமாக வந்து இறங்கி நான் பார்த்ததில்லை. கைப்பிடிச் சுவர், கேபிள் ஒயர், தண்ணீர்த் தொட்டி என்று எங்கும் அதுவே. சில்லைகளால் தட்டுப் பக்கமே வர முடியவில்லை.

கிட்டத்தில் பார்த்தால் அவ்வளவு அழகு. தலை, இறக்கை, வால் எல்லாம் மினுங்கும் கறுப்பு. முதுகும் வயிறும் ரோஜா நிறம். கார்த்திகை, மார்கழியில் அந்த ரோஜா நிறம் சாம்பல் பூத்தாற்போல் மங்கியிருக்கும். இறகுகளின் மங்கலான நுனிகள் நாளாக நாளாகத் தேய்ந்து, ஊர் திரும்பும் பங்குனி, சித்திரையில்தான் முழு நிறமும் வெளியே வரும். அந்த வருடம் பிறந்த குஞ்சுகள் மண் நிறத்தில் இருக்கும். கஜகஸ்தான், சீனாவின் சின்ஜியாங் போன்ற மத்திய ஆசியப் புல்வெளிகள்தான் இவற்றின் பிறந்த வீடு. கஜகஸ்தானின் அல்மாட்டி நகரிலிருந்து நேர் தெற்கே கோடு போட்டால் கிட்டத்தட்ட நம்மூர் வந்துவிடும். தூரம் மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

அங்கே இதற்கு இருக்கும் மரியாதை வேறு. குஞ்சு பொரிக்கும் காலத்தில் வெட்டுக்கிளிகளை வாரித் தின்பதால், சின்ஜியாங்கில் 1980-களிலிருந்தே கற்களைக் குவித்து இதற்குக் கூடு அமைத்துக் கொடுக்கிறார்கள். 2018-ல் அங்கே நில்கா என்ற இடத்தில், சாலைப் பணிக்காகக் குவித்த கற்களில் இவை கூடு வைத்துவிட்டன. குஞ்சுகள் பறந்துபோகும்வரை அந்த இடத்தில் வேலையை நிறுத்தினார்கள். அதே பறவை இங்கே முற்றிய சோளக்கதிரில் இறங்குவதால், பரண் கட்டித் தகரம் தட்டி விரட்டியிருக்கிறோம். விரட்டிய விவசாயி மேல் தப்பில்லை. ஆனால் நம் காட்டிலும் அது புழுவையும் வெட்டுக்கிளியையும் பொறுக்கித் தின்றது என்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

அப்படியிருக்க, காட்டுப் பறவை மாடிக்கு ஏன் வருகிறது? என் கண்முன் நடந்த மாற்றத்தை வைத்துச் சொல்கிறேன். பல்லடம், காங்கேயம், தாராபுரம் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் மானாவாரிச் சோளமும் கம்பும்தான். இப்போது கோழித் தீவனத்துக்காக மக்காச்சோளம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. சோளக்கதிரில் மணி வெளியே தெரியும், உட்கார்ந்து கொத்தலாம். மக்காச்சோளக் கதிரோ மட்டைக்குள் மூடிக் கிடக்கும். கிளி கிழித்துவிடும், சூறைக்குருவிக்கு அது சிரமம்.

அதைவிடப் பெரிய இழப்பு கொறங்காடு. தாராபுரம், காங்கேயம், மூலனூர் வட்டாரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். கிளுவை முள்வேலி சுற்றிலும், நடுவே வெள்வேல மரங்கள், தரையில் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாட்டைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தது இந்த மேய்ச்சல் காடுதான். புல்விதை சில்லைக்கு, புல்லில் தத்தும் பூச்சி சூறைக்குருவிக்கு, முள்வேலி கதிர்க்குருவிக்கும் கௌதாரிக்கும் என்று ஒரு காட்டுக்குள் எல்லோருக்கும் பங்கு இருந்தது. அந்தக் கொறங்காடுகள் இன்று சைட்டாகவும் குடோனாகவும் மாறுகின்றன. கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுகிறார்கள். வேலி போன இடத்தில் குருவியும் இல்லை.

வயலும் வேலியும் சுருங்கும்போது கிடைத்த இடத்தில் பறவை குவிகிறது. அப்படிக் குவிவதில் ஆபத்து உண்டு என்பதற்கு வெளிநாட்டு அனுபவமே சாட்சி. 2020 இறுதியில் கனடாவின் வடகாடுகளில் மர விதைகள் போதாமல், பைன் சிஸ்கின் என்ற சின்னஞ்சிறு விதைக்குருவிகள் வழக்கத்தை மீறிய கூட்டமாக அமெரிக்காவுக்குள் இறங்கின. வீட்டுக்கு வீடு தொங்கிய தீவனக் கூண்டுகளை அவை மொய்த்தன. ஒரே இடத்தில் தின்று அங்கேயே எச்சமிட்டதில் சால்மோனெல்லா பரவி, பறவைகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. 2021-ல் கிருமி மனிதர்களுக்கும் தொற்றியது. கூண்டுகளைக் கொஞ்ச நாள் இறக்கி வையுங்கள் என்று பல மாநிலங்களில் கேட்டுக்கொண்டார்கள். பிரிட்டனில் 2005-லிருந்து டிரைகோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியால் வரும் நோய் பச்சை விதைக்குருவிகளை வாரிக்கொண்டு போக, 2021-ல் அந்தப் பறவை அபாயச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. அந்நாட்டின் பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆர்.எஸ்.பி.பி., தட்டையான தீவனத் தட்டுகளை விற்பதையே 2025-ல் நிறுத்தி வைத்தது. அங்கே வினையாகிப்போன அதே தட்டையான பாத்திரத்தைத்தான் நாம் மாடியில் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். "வாயில்லாச் சீவன் பசின்னு வந்து நிக்குது. போடாம இருக்க மனசு கேக்குமா சாமி?" என்றார். "போடுங்க பெரியம்மா, தட்டை மட்டும் விட்டுருங்க. கம்பங்கதிரா வாங்கித் தொங்க விடலாங்க" என்றேன். கோயில் வாசலிலும் வீட்டு முகப்பிலும் நெற்கதிரைக் குஞ்சமாகக் கட்டித் தொங்கவிட்ட வழக்கம் நமக்கு உண்டு. தொங்கும் கதிரில் எச்சம் தேங்காது, மழைத் தண்ணீரும் தேங்கி நிற்காது, ஒரே நேரத்தில் பெருங்கூட்டமும் இறங்காது. தண்ணீர்ச் சட்டியை மட்டும் தினமும் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றினால் போதும். மிக்சர், ரொட்டி, மிஞ்சின சோறு வேண்டவே வேண்டாம்.

பனியன் தொழிலில் இருக்கிற நமக்கென்று தனியாக ஒரு பொறுப்பும் இருக்கிறது: நூல். போன கார்த்திகையில் ஒருநாள் மாடியில் ஒரு சூறைக்குருவி ஒற்றைக் காலில் தத்திக்கொண்டிருந்தது. துண்டைப் போட்டுப் பிடித்துப் பார்த்தால், விரல்களைச் சுற்றி வெள்ளை பாலியஸ்டர் நூல் இறுகி, ஒரு விரல் கறுத்துப்போயிருந்தது. பிசிறு வெட்டும் கத்தரியால் ஒவ்வொரு சுற்றாக நறுக்கி எடுத்தேன். பறந்துவிட்டது, அந்த விரல் பிழைத்திருக்காது. பருத்தி நூலென்றால் மழையில் இற்றுப் போகும். பாலியஸ்டர் இறாது, அறாது. ஓவர்லாக் மெஷினில் விழும் பிசிறையும் கட்டிங் வேஸ்ட்டையும் மூட்டை பிரிந்த நிலையில் மாடியிலும் ரோட்டோரத்திலும் போடுகிற யூனிட் எத்தனை! சாயங்காலம் கூட்டும்போதே பிசிறைத் தனிச் சாக்கில் அமுக்கிக் கட்டி, வேஸ்ட் எடுப்பவரிடம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. செலவே இல்லாத வேலை இது.

அடுத்தது மரம். சூறைக்குருவிகள் இரவில் மைனாக்களோடு கூட்டமாக அடையும். எங்கள் பக்கத்தில் ஒரு நிறுவனத்தின் வளாகத்தில் இருந்த அரசமரத்தில் மாலையானால் அவ்வளவு சத்தம். காரில் எச்சம் விழுகிறது என்று கிளைகளை மொட்டையடித்துவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் வந்த கூட்டம் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. வண்டியை நான்கு மாதம் தள்ளி நிறுத்தினால் ஆகாதா? மாநகராட்சிப் பூங்காக்களிலும் ரோட்டோரத்திலும் அழகுச் செடி வைக்கிற காசில் ஆல், அரசு, அத்தி வையுங்கள். பழம் தின்கிற பறவைகளுக்கு அந்த மரங்களே தீனி போடும், தட்டு தேவைப்படாது.

இந்த ஊரால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். சாயக் கழிவு நொய்யலை நாசமாக்கியபோது, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. ஊரே திகைத்து நின்றது. அதன் பிறகு கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறைக்கு இதே ஊர்தான் மாறியது. நஞ்சராயன் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கடையும் ஆகாயத் தாமரையும் சூழ்ந்திருந்த அந்தக் குளத்தை, திருப்பூர் இயற்கை கழகத்தினர் பல ஆண்டுகள் விடாமல் பறவைகளைக் கணக்கெடுத்தும் முறையிட்டும் எல்லோர் கண்ணிலும் படவைத்தார்கள். அது தமிழகத்தின் 17-வது பறவைகள் சரணாலயமானது. 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. ஈரோட்டுப் பக்கம் வெள்ளோட்டில், சரணாலயத்தைச் சுற்றியுள்ள கிராமத்தார் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கொங்குச் சீமைக்குப் பறவைகளுக்காக விட்டுக்கொடுத்துப் பழக்கம் உண்டு.

அரசிடம் கேட்பதும் ஒன்று உண்டு. கொறங்காட்டை வெறும் தரிசு என்று பார்க்கும் பார்வை மாற வேண்டும். கிளுவை வேலியோடு மேய்ச்சல் காட்டைக் காப்பாற்றி வைத்திருக்கும் விவசாயிக்கும், மானாவாரிச் சோளம் விதைப்பவருக்கும் ஊக்கத்தொகை கொடுங்கள். பறவை தின்ற கதிரின் நட்டத்தை அந்த விவசாயி ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல.

வாசகர்களிடம் கேட்பது சின்னது. பொங்கல் விடுமுறை நாட்களில் ஆண்டுதோறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015-லிருந்து நடத்திவருகிறார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம். மாடியிலோ தோட்டத்திலோ குளக்கரையிலோ பதினைந்து நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி இ-பேர்ட் என்ற இணையதளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். சூறைக்குருவி எங்கே, எவ்வளவு, எந்த மரத்தில் என்று நாம் எழுதி வைத்தால்தான், நாளை அந்த மரத்தை வெட்ட வருபவரிடம் காட்ட நம் கையில் ஆதாரம் இருக்கும். வருகிற பொங்கலுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் எண்ணுங்கள்.