கோப்பையில் மிஞ்சிய பாதி

"நோயாளி சாப்பிடுகிறாரில்லை" என்று நமது வைத்தியசாலை விடுதிகளில் சொல்லப்படும்போது பழி பெரும்பாலும் நோயாளியின் மீதே விழுகின்றது. பிடிவாதம், மனச்சோர்வு, வீட்டுச் சாப்பாட்டு ஏக்கம் என்று காரணம் கற்பிப்போம். அவரால் சாப்பிட இயலுமா என்று கேட்பார் குறைவு.

பாரிசவாதத்தால் மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்க உலகமே கவனத்திலிருந்து மறைந்துவிடுகின்றது. கண்ணிற் பழுதில்லை, ஆயினும் கோப்பையின் வலப்பாதியை உண்டுவிட்டு, மீதி இருப்பதை அறியாமலே கையை எடுத்துவிடுவார்கள். நாமோ பசியில்லை என்று முடிவுகட்டிக் கோப்பையை அகற்றிவிடுகின்றோம். சற்றுத் திருப்பி வைத்திருந்தால் அந்த நேரத்துப் பசியாவது தீர்ந்திருக்கும். இடப்பக்கத்தைத் தேடிப் பார்க்கப் பழக்குவது அடுத்த வேலை. இதனைக் கற்றுத் தேர்ந்தவரே தொழில்வழிச் சிகிச்சையாளர்.

அந்தப் பெயரே பாதி வில்லங்கம். கூடை பின்னக் கற்றுக்கொடுப்பவர் என்றுதான் படித்தவர்களும் எண்ணுகின்றனர். இங்கே தொழில் என்பது சம்பாத்தியம் மட்டுமன்று. உண்பது, உடுப்பது, குளிப்பது ஆகிய அன்றாடக் கருமங்களுந்தான். 1917இல் அமெரிக்காவில் இத்துறைக்கெனச் சங்கம் அமைத்தவர்களுள் ஒருவரான ஜோர்ஜ் பார்ட்டன், தாமே இடப்பக்கம் செயலிழந்து துன்புற்றவர்.

நம்மவரிடையே விடயம் இன்னும் நுட்பமானது. சோற்றைக் குழைத்து, விரல் நுனியில் திரட்டி, பெருவிரலால் வாய்க்குள் தள்ளுகின்றோமே, அது சிறு வித்தையன்று. வலக்கை விழுந்தவரிடம் "இடக்கையால் உண்ணுங்கள்" என்று சொல்லிவிட்டு அப்பாற் போய்விட முடியாது. கழுவுவதற்கென ஒதுக்கிய கையால் பிறர் முன்னிலையில் உண்பதைவிடப் பட்டினி மேல் என்றிருக்கும் முதியவர்கள் எத்தனை பேர்! கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்குவதும், கோப்பை நழுவாமல் ஈரத்துணி விரிப்பதும் செலவற்ற காரியங்கள். அந்த வெட்கத்தைத் தீர்ப்பதற்குத்தான் ஆளும் நேரமும் வேண்டும்.

படுக்கவைத்தபடியே ஊட்டும் பாசம் வேறு. விழுங்கும் ஆற்றல் குன்றியவருக்கு அது சுவாசப்பையில் உணவை இறக்கி நியூமோனியாவை வரவழைக்கலாம். சோற்றைவிடத் தண்ணீர் இலகு என்று நினைக்கின்றோம். அத்தகையோரிற் பலருக்கு விரைந்து வழுக்கி மூச்சுக்குழாயினுள் நுழைவது தண்ணீரே. பேச்சுச் சிகிச்சையாளர் சோதித்துச் சொல்லும்வரை உறவினர் கையிலிருக்கும் தேநீர்க் குவளையும் ஆபத்தானதே.

ஸ்கானர் இயந்திரம் வந்தால் நாடா வெட்ட அமைச்சர் வருவார். கோப்பையைத் திருப்பி வைக்கத் தெரிந்தவரை நியமிப்பதில் வெட்டுவதற்கு நாடா ஏதுமில்லை. ஆதார வைத்தியசாலைகள் அனைத்திலும் இவர்கள் வேண்டும்; அதுவும் தனியறையிலன்று, பகலுணவு வேளையில், விடுதிக்குள், நோயாளியின் கட்டிலருகே.