மூளையை ஆராயப் போகும் பிள்ளைக்கு என்ன சொல்வது?

இந்தப் பக்கத்தில் எங்கள் பிள்ளைகளின் படிப்பையும் தொழிலையும் பற்றித் தொடர்ந்து பேசி வருகிறோம். தாதியர் பயிற்சி, தொழிற்கல்வி, சட்டப் படிப்பு என்று பலதையும் பார்த்தாயிற்று. இம்முறை எடுத்துக்கொள்ளும் விடயம் கொஞ்சம் வித்தியாசமானது. யேர்மனியில் வசிக்கும் ஒரு தாயார் எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். மகள் அபித்தூர் பரீட்சையில் மிக நல்ல புள்ளி எடுத்திருக்கிறாள். மருத்துவ பீடத்துக்கே இடம் கிடைக்கும். ஆனால் பிள்ளையோ மூளை பற்றிய விஞ்ஞானம் படித்து ஆராய்ச்சியாளராக வரப்போவதாகச் சொல்கிறாள். தகப்பன் இரண்டு கிழமையாக மகளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். "இந்தப் படிப்பு சோறு போடுமா?" என்று அந்தத் தாயார் கேட்டிருந்தார்.

நியாயமான கேள்வி. பதில் சொல்லுமுன் அந்தத் துறையில் இருப்பவர்களிடமே கேட்டுவிடுவோம் என்று மூன்று பேருடன் உரையாடினோம். ஒருவர் கலாநிதிப் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருக்கும் எங்கள் பெண்பிள்ளை. இன்னொருவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கும் யேர்மன் பேராசிரியர். மூன்றாமவர் ஏழு வருடம் ஆய்வுகூடத்தில் இருந்துவிட்டு, இப்போது மருத்துவக் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் எங்கள் தம்பி ஒருவர். மூவரும் மனம்விட்டுப் பேசினார்கள். பெயர் போட வேண்டாம் என்றும் மூவருமே கேட்டுக்கொண்டார்கள். ஏன் என்பது போகப் போக விளங்கும்.

முதலில் இவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மற்றக் கலங்களோடு தொடர்பு வைத்திருக்கிறது. நினைவு எங்கே தங்குகிறது, வழி எப்படித் தெரிகிறது, மறதி ஏன் வருகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இந்தத் தொடர்புகளுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. எங்கள் பிள்ளை ஆராய்வது மூளையின் உட்பக்கத்தில் கடற்குதிரை வடிவில் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை. அந்தப் பகுதியில் ஓர் எலி நிற்கும் இடத்தைப் பொறுத்து வேலை செய்யும் கலங்கள் இருக்கின்றன என்று லண்டனில் ஜோன் ஓகீஃப் 1971 இல் காட்டினார். அதற்குப் பக்கத்துப் பகுதியில், தேசப்படத்தில் கோடுகள் போட்டதுபோல இடத்தை அளக்கும் கலங்கள் இருப்பதை நோர்வேயின் துரொண்ட்கைம் நகரத்தில் மை-பிரிட் மோசர், எட்வார்ட் மோசர் ஆகியோரின் குழு 2005 இல் கண்டுபிடித்தது. மூவருக்கும் 2014 இல் நோபல் பரிசு கிடைத்தது. முதல் கண்டுபிடிப்புக்கும் பரிசுக்கும் இடையில் 43 வருடங்கள்!

அந்தப் பிள்ளையிடம் படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோனிலை கேக்கிறா, எப்ப பிள்ளை முடிப்பாய் எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? எலி பதில் சொன்னாத்தானே நான் பதில் சொல்லலாம்." சிரிப்பு அடங்கியபின் மற்றதையும் சொன்னாள். அவளுடைய ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு. ஆய்வு முடிய நாலு, ஐந்து வருடம் எடுக்கும். சம்பளம் முழுச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, வேலையோ முழுநேரத்துக்கும் மேல். சனி, ஞாயிறிலும் எலிக்குப் பசிக்கும் அல்லவா?

பேராசிரியர் இதையே வேறு விதமாகச் சொன்னார். மூளையின் கேள்விகள் நூறு வருடக் கேள்விகள், நாங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ஒப்பந்தமோ மூன்று வருடம் என்றார். அல்சைமர் நோயைப் பாருங்கள். அவுகுஸ்ர டேற்றர் என்ற பெண்மணி 1901 இல் பிராங்போர்ட் மனநல வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார். அவரைப் பார்த்தவர் அலோய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர். அந்த அம்மா 1906 இல் இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்து, தான் கண்டதை அந்த வருடமே ரியூபிங்கன் நகரத்தில் நடந்த கூட்டத்தில் சொன்னார். மூளையில் படியும் புரதம் எது என்று 1984 இல்தான் பிரித்தறிந்தார்கள். அந்தப் படிவை அகற்றி நோயைச் சற்று மெதுவாக்கும் லெக்கனெமாப் என்ற மருந்தின் பெரிய பரிசோதனை 2022 இல் வெளிவந்தது. பதினெட்டு மாதத்தில், மருந்து எடுக்காதவர்களோடு ஒப்பிட நோயின் வேகம் 27 வீதம் குறைந்திருந்தது. நோய் மாறவில்லை, மெதுவானது மட்டுமே. இதற்கே ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்திருக்கிறது. எங்கள் சமூகத்தில் முதலில் வந்த தலைமுறை இன்று முதுமையை எட்டிவிட்டது. படித்த டொச் மொழி மறந்துபோய்த் தமிழில் மட்டும் பேசும் பாட்டிமார் எங்கள் வீடுகளிலும் இருக்கிறார்கள். ஆகவே இது யாருக்கோ உரிய விஞ்ஞானம் அல்ல.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? யேர்மனியில் 2007 இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஒருவரைப் பல்கலைக்கழகத்தில் தற்காலிக ஒப்பந்தத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு முன் ஆறு வருடமும், பட்டத்துக்குப் பின் ஆறு வருடமும் வைத்திருக்கலாம். மருத்துவத் துறையில் பின்னையது ஒன்பது வருடம். பிள்ளை பெற்றால் ஒரு பிள்ளைக்கு இரண்டு வருடம் கூட்டலாம். வெளியிலிருந்து வரும் ஆய்வுப் பணத்தில் இன்னும் கொஞ்சம் நீட்டலாம். அதற்குள் நிரந்தரப் பதவி கிடைக்காவிட்டால், நாற்பது வயதளவில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பேராசிரியர் பதவிகளோ மிகக் குறைவு. 2021 இல் வெளிவந்த அரசாங்க அறிக்கையே, பேராசிரியர்கள் நீங்கலாக, பல்கலைக்கழகங்களில் 45 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆய்வாளர்களில் பத்துப் பேருக்கு ஒன்பது பேர் தற்காலிக ஒப்பந்தத்தில் இருப்பதாகச் சொன்னது. இந்தச் சட்டத்தை விளக்குவதற்கு அமைச்சு ஒரு படம் தயாரித்திருந்தது. அதில் ஹன்னா என்ற கற்பனைப் பாத்திரம் வரும். ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால்தான் துறை அடைபடாமல் புதுமை வரும் என்று அந்தப் படம் சொன்னது. 2021 இல் ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் "நான்தான் ஹன்னா" என்று தங்கள் கதைகளைப் பகிரங்கமாக எழுதினார்கள். எங்களோடு பேசியவர்கள் பெயர் போட வேண்டாம் என்றதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். அடுத்த ஒப்பந்தம் இன்னொருவர் கையில் இருக்கும்போது எவர்தான் துணிந்து பேசுவார்?

ஆய்வை விட்டுப்போன தம்பியிடம் கவலையா என்று கேட்டோம். பட்டத்துக்குப் பின் இரண்டு நாடுகளில் நாலு ஒப்பந்தம் செய்தவர் அவர். மனைவிக்கு ஒரு நகரத்தில் வேலை, இவருக்கு இன்னொரு நகரத்தில். பிள்ளை பிறந்தபின் இனி அலைய முடியாது என்று முடிவெடுத்தார். முதல் ஒரு வருடம் தோற்றுப்போனவன் மாதிரி இருந்ததாம். ஊரவர்கள் இன்னும் படித்து முடியவில்லையா என்று கேட்டதும், பிறகு இவ்வளவு படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டதும்தான் அதிகம் நொந்தது என்றார். இன்று அவருடைய வேலைக்கு அந்த ஏழு வருடம் கற்ற கல்விதான் அத்திவாரம். கேள்வி கேட்கவும், தரவுகளைச் சோதிக்கவும், பிழைத்தால் திரும்பத் தொடங்கவும் ஆய்வுகூடத்தில்தான் படித்தேன் என்கிறார். ஆய்வை விட்டவர்களைத் தோற்றவர்களாக நாங்கள் பார்க்கக்கூடாது என்பதை அவரிடமிருந்து அறிந்துகொண்டோம்.

இந்த இடத்தில் பழைய கதைகள் இரண்டைச் சொல்லியாக வேண்டும். இரண்டும் எங்களைப் போல வீடு வாசலை விட்டு ஓட நேர்ந்தவர்களின் கதைகள்.

றீற்றா லெவி-மொந்தால்சினி 1909 இல் இத்தாலியின் தூரின் நகரத்தில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர். பெண்பிள்ளை தொழில் பார்த்தால் மனைவியாகவும் தாயாகவும் கடமை செய்ய இயலாது என்று தகப்பனார் நினைத்தார். மகள் கெஞ்சி அனுமதி வாங்கி 1936 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1938 இல் முசோலினியின் இனச்சட்டம் யூதர்களைப் பல்கலைக்கழகங்களில் இருந்து வெளியேற்றியது. அவர் தன் படுக்கையறையையே ஆய்வுகூடமாக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டிச் சத்திரசிகிச்சைக் கருவிகளாக்கிக் கோழிக்குஞ்சுக் கருவின் நரம்புகளை ஆராய்ந்தார். குண்டுவீச்சுக்குப் பயந்து கிராமத்துக்கு ஓடியபோதும், அங்கே பண்ணை பண்ணையாகப் போய் முட்டை தேடி ஆய்வைத் தொடர்ந்தார். யுத்தம் முடிந்தபின் 1947 இல் அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரத்துக்கு அவரை அழைத்தவர் விக்ரர் ஹம்பேர்கர். அவரும் 1933 இல் யேர்மனியின் பிறைபூர்க் பல்கலைக்கழகப் பதவியை யூத வம்சாவளி என்பதால் இழந்தவர்தான். சில மாதங்களுக்கென்று போன றீற்றா முப்பது வருடமளவில் அங்கே பணிபுரிந்தார். நரம்புகளை வளரச் செய்யும் பொருளொன்று இருப்பதை 1950களில் காட்டினார். ஸ்ரான்லி கோஹனோடு சேர்த்து 1986 இல் நோபல் பரிசு வந்தபோது அவருக்கு வயது 77.

எரிக் கண்டெல் வியன்னாவில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்த குடும்பத்தின் பிள்ளை. 1939 இல், ஒன்பது வயதில், தமையனோடு மட்டும் கப்பலேறி நியூயோர்க் வந்தார். பெற்றோர் பின்னர்தான் வந்து சேர்ந்தார்கள். தகப்பனார் பல்துலக்கும் பிரஷ் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்து, காசு சேர்த்து ஒரு சிறிய உடுப்புக்கடை திறந்தார். மகன் நினைவு எப்படி உருவாகிறது என்று அறிவதற்குக் கடல்நத்தை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு இருப்பது ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்கள்தான். நத்தையை வைத்து மனித மனத்தை அறியலாமா என்று மூத்தவர்கள் தடுத்தார்கள். அவர் விடவில்லை. 2000 ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. தகப்பன் பிரஷ் தொழிற்சாலையில் உழைத்த உழைப்பை, உணவகங்களில் பாத்திரம் கழுவிப் பிள்ளைகளைப் படிப்பித்த எங்கள் அப்பாமார் நன்றாகவே அறிவார்கள்.

இந்தக் கதைகளைக் காட்டி, எல்லோரும் வெல்லலாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. வென்றவர்களின் பெயர்தான் புத்தகத்தில் வரும். ஒப்பந்தம் முடிந்து போனவர்களின் பெயர் வராது. ஆனால் பனங்கொட்டை நாட்டுபவன் நாளைக்கே நுங்கு வெட்டலாம் என்று நாட்டுவதில்லை. இந்தத் துறையும் அப்படித்தான்.

ஆகவே பெற்றோருக்கு எங்கள் ஆலோசனை இது. பிள்ளையைத் தடுக்காதீர்கள். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு போகச் சொல்லுங்கள்.

முதலாவது, ஒரு பேராசிரியரிடம் சேருமுன் அவரிடம் முன்னர் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று அந்த மாணவர்களிடமே விசாரிக்க வேண்டும். ஊரில் சம்பந்தம் பேசும்போது விசாரிக்கிறோமே, அதே கவனம் இதற்கும் தேவை.

இரண்டாவது, பாஃபக் உதவிப்பணம் கலாநிதிப் படிப்புக்குக் கிடையாது. வேலை ஒப்பந்தம் ஒன்று, புலமைப்பரிசில் வேறொன்று. புலமைப்பரிசிலில் இருக்கும் காலத்துக்கு ஓய்வூதியக் காப்புறுதியும் வேலையில்லாக் காப்புறுதியும் சேராது. இரண்டில் எது தரப்படுகிறது என்று கேட்டறிந்து கையெழுத்து வைக்க வேண்டும்.

மூன்றாவது, ஒப்பந்தம் முடிய மூன்று மாதத்துக்கு முன்னரே வேலைவாய்ப்புத் திணைக்களத்தில் பதிய வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கட்டிய காப்புறுதிக்கு உரிமை அது.

நான்காவது, குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்கு வழிகாட்ட ஆர்பைற்றர்கின்ட் என்ற அமைப்பு 2008 முதல் இயங்குகிறது. தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஹன்ஸ் பொக்லர் நிறுவகம் புலமைப்பரிசில் கொடுக்கிறது. விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம்.

ஐந்தாவது, மருத்துவம் படித்து நரம்பியல் மருத்துவராகிக்கொண்டே ஆய்வும் செய்யலாம். இரண்டு ஆசைக்கும் இடமுள்ள வழி அது. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் பிள்ளை.

கடைசியாக ஒன்று. எங்களோடு பேசிய பிள்ளை புறப்படும்போது, பெற்றோரிடம் காசு உதவி எதிர்பார்க்கவில்லை என்றாள். "எப்ப முடியும்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இண்டைக்கு எலி என்ன சொன்னது?" என்று ஒருநாள் கேட்டால் போதும் என்றாள். கடிதம் எழுதிய தாயாரும், பேசாமல் இருக்கும் தகப்பனாரும் இதை வாசிப்பார்கள் என்று நம்புகிறோம்.

அடுத்த இதழில், முதியோர் பராமரிப்புக் காப்புறுதிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று பார்ப்போம். உங்கள் அனுபவங்களையும் கேள்விகளையும் தொடர்ந்து எழுதியனுப்புங்கள்.